மெயிலில் 'ஹாஸ் பீன் சென்ட்' எப்போது, 'வாஸ் சென்ட்' எப்போது? டைப் அடிக்கும்போது கை நின்றுவிடுகிறது

கொங்குநூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், இரண்டு வருடம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பையர் போனில் வந்தால் எப்படியோ பேசிச் சமாளித்துவிடுவேன். மெயில்தான் பிரச்சினை, அதுவும் இந்த 'பீன்' போட்டு எழுதுகிற வாக்கியங்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். சைஸ் செட் சாம்பிள் ஐந்து பீஸ் கூரியரில் போய்விட்டது. பையருக்கு நான் எழுதியது: 'தி சாம்பிள்ஸ் ஹாஸ் சென்ட் எஸ்டர்டே.' மேனேஜர் பார்த்துவிட்டு 'ஹாவ் பீன் சென்ட்' என்று எழுதணும் என்றார். சரி என்று மனசில் பதித்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து லேப் டிப் (சாயத்தின் கலர் சரிபார்க்க அனுப்புகிற சிறு துணித் துண்டு) போனது, இந்த முறை கவனமாக 'தி லேப் டிப்ஸ் ஹாவ் பீன் சென்ட் எஸ்டர்டே' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு 'வேர் சென்ட்' என்று போட்டார். ஏன் சார் என்று கேட்டேன். "எஸ்டர்டே வந்தா வேர்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு லோடிங் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. பட்டன் சப்ளையர் போன் பண்ணி, கேட்ட கலர் இல்லை, வேறு கலர்தான் இருக்கிறது என்று எனக்குத் தகவல் சொன்னார். நான் பையருக்கு 'ஐ ஹாவ் இன்பார்ம்ட் தட் தி பட்டன் கலர் ஹாஸ் சேஞ்ச்ட்' என்று எழுதினேன். எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்கிற அர்த்தத்தில்தான் எழுதினேன். அந்தம்மா அதை, நானே கலரை மாற்றச் சொல்லி சப்ளையருக்குத் தகவல் கொடுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்டு எழுதிவிட்டார். விளக்கிச் சொல்லி முடிக்க அரை நாள் போய்விட்டது.

இலக்கணப் புத்தகத்தில் இருக்கிற அட்டவணை எனக்கு மனப்பாடம். ஹாஸ், பீன், வெர்பின் மூன்றாவது வடிவம், எல்லாம் தெரியும். ஆனால் எழுதும்போது மனசில் முதலில் வருவது தமிழ் வாக்கியம்தான், அதிலிருந்து எதைப் பிடித்துக்கொண்டு இதற்கு 'பீன்' வரும், இதற்கு வராது என்று முடிவு செய்வது? அட்டவணையைத் திரும்பப் போடாமல், தமிழில் யோசிக்கிற ஒருத்தனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.


கணக்குமேசை எழுதியது:

உங்கள் மேனேஜர் சொன்னது சரிதான், பாதி மட்டும் சொல்லியிருக்கிறார். நேற்று, போன வாரம், காலை பத்து மணிக்கு, 2019ல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தை வாக்கியத்துக்குள் வைத்தால் 'வாஸ்' அல்லது 'வேர்'. நேரத்தைச் சொல்லாமல், ஆகிவிட்டது, இப்போது நிலைமை இதுதான் என்று சொன்னால் 'ஹாஸ் பீன்' அல்லது 'ஹாவ் பீன்'. 'எஸ்டர்டே' என்கிற சொல்லை எடுத்துவிட்டிருந்தால் நீங்கள் இரண்டாவது முறை எழுதியது அப்படியே சரி.

பேங்கிலிருந்து வருகிற எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். 'யுவர் அக்கவுண்ட் ஹாஸ் பீன் கிரெடிட்டட்' என்று வருவதுதான் முழு வாக்கியம். பல மெசேஜில் இடத்தை மிச்சப்படுத்த வெறும் 'கிரெடிட்டட்' மட்டும் இருக்கும். ஹாஸ் பீன் மறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பே பண்ணியாச்சா' என்று கேட்க 'ஹாஸ் தி பில் பீன் பெய்ட்?' பில் நடுவில் வந்து ஹாஸையும் பீனையும் பிரிக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.


பழையகரும்பலகை எழுதியது:

தம்பி, முப்பது வருஷம் கிராமத்துப் பள்ளிகளில் இங்கிலீஷ் எடுத்தவன் நான். நீங்கள் எழுதின 'சாம்பிள்ஸ் ஹாஸ் சென்ட்' என்கிற அதே தவறை ஆயிரக்கணக்கான நோட்டில் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பையன்கள் படிக்காததால் வருகிற தவறு இல்லை இது, நம் தமிழ் அப்படி. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? "துணி துவைச்சிருக்கு." "சோறு வடிச்சாச்சு." "சாம்பிள் அனுப்பியிருக்கு." துணி தன்னைத் தானே துவைத்துக்கொள்ளாது, சாம்பிள் தானாகக் கூரியர் ஆபீசுக்கு நடந்து போகாது. ஆனாலும் துணியையும் சாம்பிளையும் எழுவாய் மாதிரி வைத்துப் பேசுகிறோம், கேட்கிறவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் வருவதில்லை. இது நேற்று வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலேயே 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்று சூத்திரம் இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டுகிற உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. மெழுகப்பட்ட திண்ணையை, அதுவே மெழுகிய மாதிரி சொல்வது. அந்தத் திண்ணைக்கும் உங்கள் சாம்பிளுக்கும் இலக்கணம் ஒன்றுதான்.

இங்கிலீஷில் இந்தச் சலுகை ரொம்பக் குறைவு. 'திஸ் ஃபேப்ரிக் வாஷஸ் வெல்' என்று உங்கள் தொழிலிலேயே சொல்வார்கள், துணி துவைக்க நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அப்படிச் சில வினைகள் உண்டு. மற்றபடி 'சாம்பிள்ஸ் ஹாவ் சென்ட்' என்று எழுதினால் சாம்பிள் எதையோ யாருக்கோ அனுப்பியிருக்கிறது என்றுதான் படிப்பார்கள். உங்கள் 'ஐ ஹாவ் இன்பார்ம்ட்' சிக்கலும் இதேதான்.

இப்போது வழி. வாக்கியம் மனசில் பேச்சுத்தமிழில் வந்தால், அதைச் செய்தித்தாள் தமிழுக்கு ஒருமுறை மாற்றுங்கள். 'அனுப்பியிருக்கு' என்பது 'அனுப்பப்பட்டிருக்கிறது' ஆகும். இப்போது அந்தச் சொல்லைப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசியில் 'இருக்கிறது', அதுதான் ஹாஸ். நடுவில் 'பட்டு', அதுதான் பீன். முதலில் 'அனுப்ப', அதுதான் சென்ட். ஹாஸ் பீன் சென்ட். கரும்பலகையில் இந்த ஒரு சொல்லை மூன்று துண்டாக எழுதி, தலைகீழாக அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அட்டவணையை மூன்று வருஷம் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்றைக்குத்தான் தாங்களாகவே வாக்கியம் எழுத ஆரம்பிப்பார்கள். கண்முன்னால் பலமுறை பார்த்தது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

மற்றவையும் இதிலேயே விழும். 'அனுப்பப்பட்டது', இதில் இருக்கிறது இல்லை, ஆகவே ஹாஸ் இல்லை, வாஸ் சென்ட். 'அனுப்பியிருக்கிறேன்', இதில் பட்டு இல்லை, ஆகவே பீன் இல்லை, ஐ ஹாவ் சென்ட். பேப்பரில் 'அனுப்பப்பட்டுள்ளது' என்று வருகிற 'உள்ளது'ம் அந்த ஹாஸ்தான்.

இரண்டு இடத்தில் இந்த வழி காலை வாரிவிடும். முதலாவது நேரம். தமிழில் 'நேற்றே அனுப்பப்பட்டிருக்கிறது' என்று தாராளமாக எழுதலாம், 'நேற்று திறக்கப்பட்டுள்ளது' என்று பேப்பரில் தினமும் வருகிறது. இங்கிலீஷ் 'நேற்று'வையும் 'ஹாஸ்'ஸையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காது, ஹாஸ் என்றால் பேச்சு இந்த நிமிஷத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 'மெட்ராஸ் வாஸ் ரீநேம்ட் சென்னை இன் 1996', பெயர் மாற்றிய வேலை அந்த வருஷத்தோடு முடிந்தது. 'தி சிட்டி ஹாஸ் பீன் கால்ட் சென்னை சின்ஸ் 1996', அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் அழைக்கிறோம். வருஷம் ஒன்றுதான். 'இன்' போட்டால் அந்த வருஷத்தில் நிற்கிறீர்கள், 'சின்ஸ்' போட்டால் அங்கிருந்து இன்றைக்கு நடந்து வந்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, எல்லாப் 'பட்டு'வும் பீன் இல்லை. 'ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறேன்' என்பதை 'ஐ ஹாவ் பீன் சஃபர்ட்' என்று எழுதுகிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். அது 'ஐ ஹாவ் சஃபர்ட்'. கஷ்டம், ஆசை, பயம் இதெல்லாம் பெயர்ச்சொல், பெயரோடு ஒட்டுகிற படு வேறு. அனுப்ப, துவைக்க, எழுத என்று வினையோடு ஒட்டுகிற படுதான் செயப்பாட்டுவினை. முன்னால் இருக்கிற சொல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.


நேராகச்சொல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் எதற்கு இந்தச் சுற்று? 'வி ஹாவ் சென்ட் தி சாம்பிள்ஸ்' என்று எழுதிவிட்டால் பீனே வேண்டாமே. நான் வேலை பார்க்கிற ஐடி கம்பெனியில் எழுத்துப் பயிற்சி கொடுத்தபோது பேசிவ் வாய்ஸைக் குறைக்கச் சொன்னார்கள். 'எ மிஸ்டேக் ஹாஸ் பீன் மேட்' என்று மெயில் வந்தால் எனக்குக் கோபமே வரும், யார் செய்தது என்று சொல்லாமல் நழுவுகிற வாக்கியம் அது. கொங்குநூல், நீங்கள் அனுப்பினால் நீங்கள் அனுப்பியதாகவே எழுதுங்கள், மரியாதையும் கூடும்.


பழையகரும்பலகை எழுதியது:

நழுவுவதற்காக எழுதுகிற வாக்கியத்தை நானும் விரும்புவதில்லை, அதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அது முக்கியமே இல்லாதபோதும் என்ன செய்வீர்கள்? பஸ்ஸில் போன் காணாமல் போய்விட்டது, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'மை போன் ஹாஸ் பீன் ஸ்டோலன்' என்பதைவிட நேரான வாக்கியம் அதற்கு இல்லை. 'சம்ஒன் ஹாஸ் ஸ்டோலன்' என்றால் அந்த முகம் தெரியாத ஆள் வந்து முன்னால் நிற்கிறான், உங்களுக்கு வேண்டியது போன். பையருக்கும் அப்படித்தான், சாம்பிள் வந்து சேருமா என்பதுதான் அவர் கவலை. கூரியர் பையை யார் ஒட்டினார்கள் என்று அவர் கேட்கப் போவதில்லை.


இரவுப்பணி எழுதியது:

இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் வேலையில் தினமும் இரண்டு முறை இந்த ஒரு வாக்கிய அமைப்பை நம்பித்தான் ஷிப்ட் மாறுகிறது.

காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது நாலாம் பெட்டைக் காட்டி 'ஹி ஹாஸ் பீன் கிவன் பாராசிட்டமால்' என்று சொல்வேன். அதைக் கேட்கிற நர்ஸுக்கு, யார் கொடுத்தார்கள் என்பது அந்த நிமிஷத்தில் வேண்டாம். மருந்து உடம்புக்குள் இருக்கிறது, அவசரப்பட்டு இன்னொன்று கொடுத்துவிடாதே, இதுதான் செய்தி. அடுத்த கேள்வி உடனே வரும், எத்தனை மணிக்கு என்று. ஒரு டோஸுக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும் அல்லவா. அப்போது பதில் மாறும்: 'இட் வாஸ் கிவன் அட் சிக்ஸ்.' நேரம் வந்தது, வாஸ் வந்துவிட்டது. ஒரே மாத்திரை, ஒரே பேச்சு, இரண்டு வாக்கியத்துக்கும் வேலை வேறு. மேலே ஐயா சொன்னது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது.

புதிதாக வந்த நாட்களில் நான் 'ஹி ஹாஸ் கிவன்' என்று சொல்லிவிடுவேன். பேஷண்ட் யாருக்கோ கொடுத்தார் என்று ஆகிவிடும். சீனியர் ஒருத்தர் பொறுமையாக நிறுத்தி, ஹி காட் இட் ஆர் ஹி கேவ் இட் என்று கேட்பார். அன்றிலிருந்து பீனை அழுத்தியே சொல்லிப் பழகினேன்.

தம்பி, உங்கள் பட்டன் விஷயத்துக்கு வருகிறேன், அதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழில் 'எனக்குத் தகவல் சொல்லியிருக்காங்க', 'அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கு'. எனக்கு, அவருக்கு என்று 'கு' போட்டு ஓரமாக நிற்கிற ஆளை இங்கிலீஷ் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துவிடும். 'ஐ ஹாவ் பீன் டோல்ட்.' 'ஐ ஹாவ் பீன் கிவன் டூ டேஸ்.' 'ஹர் டாட்டர் ஹாஸ் பீன் இன்பார்ம்ட்.' ஆகவே வாக்கியம் 'எனக்கு'வில் ஆரம்பித்து, சொன்னது, கொடுத்தது, கேட்டது என்று யாரோ எனக்குச் செய்ததாக முடிந்தால், 'ஐ ஹாவ் பீன்' என்று தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக அமையும்.

காதில் விழுவதும் ஒரு சிக்கல். இங்கே வேகமாகப் பேசும்போது 'இட் ஹாஸ் பீன் டன்' என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, 'இட்ஸ் பின் டன்' என்றுதான் கேட்கும். அந்த 'இட்ஸ்' இட் இஸ் இல்லை, இட் ஹாஸ். பின்னால் பீன் வந்தால் அது ஹாஸ்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'பின்' என்றுதான் சொல்வார்கள். 'பீயிங்' வேறு, அது இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு: 'ஹி இஸ் பீயிங் எக்ஸாமின்ட்', டாக்டர் இந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'ஹி ஹாஸ் பீன் எக்ஸாமின்ட்', பார்த்து முடித்தாயிற்று. இதை மாற்றிச் சொன்னால் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தப்பான நேரத்தில் உள்ளே போய்விடுவார்கள்.


கொங்குநூல் எழுதியது:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. 'அனுப்பப்பட்டிருக்கிறது' என்று நோட்டில் எழுதி மூன்று கோடு போட்டுப் பின்னாலிருந்து படித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதை யாரும் இப்படிக் காட்டவில்லை.

இன்றைக்குப் போக வேண்டிய மெயில்களிலிருந்து சில வரிகள், நானே எழுதியவை. பார்த்துச் சொல்லுங்கள்.

'தி ஃபேப்ரிக் ஹாஸ் பீன் நிட்டட் அண்ட் இட் வாஸ் டைட் ஆன் மண்டே.'
'தி ஆக்சசரீஸ் பார்சல் ஹாஸ் பீன் அரைவ்ட்.'
'தி டெஸ்ட் ரிப்போர்ட் ஹாஸ் பீன் எக்ஸ்பயர்ட்.'
'ஐ ஹாவ் பீன் டோல்ட் தட் தி வெசல் இஸ் டிலேய்ட்.'
'தி லிஸ்ட் ஆஃப் கார்ட்டன்ஸ் ஹாவ் பீன் அட்டாச்ட்.'


பழையகரும்பலகை எழுதியது:

முதல் வாக்கியம் அருமை. பின்னல் வேலைக்கு நேரம் சொல்லவில்லை, ஹாஸ் பீன். சாயத்துக்குத் திங்கள்கிழமை சொன்னீர்கள், வாஸ். நான்காவதும் சரி. அந்த ஒரு வாக்கியம் போன வாரம் கையில் இருந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டும் மூன்றும் தவறு, இரண்டுக்கும் காரணம் ஒன்று. பார்சல் வந்தது, அதை யாரும் 'வந்து' வைக்க முடியாது. 'வரப்பட்டிருக்கிறது' என்று தமிழில் சொல்வோமா? மாட்டோம். பட்டு ஒட்டாத வினைக்குப் பீனும் ஒட்டாது. அரைவ், ஹாப்பன், அக்கர், டை (சாயம் போடுகிற டை இல்லை, சாவது என்கிற டை) எல்லாம் இந்தக் கூட்டம். 'ஹாஸ் அரைவ்ட்', 'ஹாஸ் எக்ஸ்பயர்ட்', அவ்வளவுதான். 'பாஸ்வேர்ட் ஹாஸ் பீன் எக்ஸ்பயர்ட்' என்று நம் ஊர் ஆபீஸ்களில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், பார்த்துப் பார்த்துச் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஐந்தாவதில் கண் கார்ட்டன்ஸ் மேல் போய்விட்டது, பன்மை என்று ஹாவ் போட்டுவிட்டீர்கள். இணைத்தது லிஸ்ட், அது ஒன்று. 'தி லிஸ்ட் ஆஃப் கார்ட்டன்ஸ் ஹாஸ் பீன் அட்டாச்ட்.' ஆனாலும் இணைப்புக்கு 'இஸ் அட்டாச்ட்' என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த மெயிலோடு இருக்கிறது என்று சொன்னால் போதும், இணைக்கிற வேலை நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கதவு பூட்டியிருக்கு என்பதற்கு 'தி டோர் இஸ் லாக்ட்' சொல்கிற மாதிரி. யாரோ வந்து பூட்டிவிட்டார்கள், காலையில் திறந்து இருந்ததே என்று சொல்ல வந்தால்தான் 'ஹாஸ் பீன் லாக்ட்'.


கொங்குநூல் எழுதியது:

'வரப்பட்டிருக்கிறது' என்று சொல்லிப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது ஐயா. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் இதையெல்லாம் எங்கே வைப்பது? நான் எப்போதும் கடைசியில் போடுகிறேன்.


இரவுப்பணி எழுதியது:

ஆல்ரெடியும் ஜஸ்ட்டும் ஹாஸுக்கும் பீனுக்கும் நடுவில். 'ஹி ஹாஸ் ஆல்ரெடி பீன் சீன்', 'ஷி ஹாஸ் ஜஸ்ட் பீன் மூவ்ட்'. பேச்சில் ஆல்ரெடி கடைசியிலும் வரும், தப்பில்லை. யெட் மட்டும் கடைசிக்குப் போகட்டும்: 'தி ஸ்கேன் ஹாஸ் நாட் பீன் டன் யெட்'. இதைச் சொல்லிவிட்டுத்தான் இன்று காலை வீட்டுக்கு வந்தேன், நீங்கள் லிஸ்ட் மெயிலை 'இஸ் அட்டாச்ட்' என்று திருத்தி அனுப்புங்கள் தம்பி.